ஆறாவது ராடு

அக்டோபர் 5, வியாழன்

அம்மாவும் அண்ணனும் தூங்கிவிட்டார்கள். சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே உட்கார்ந்தால் செல்போன் வெளிச்சம் கூடத்துக்குத் தெரியாது. அப்பா முன்பக்கம் பட்டறையில் படுத்திருக்கிறார். எஞ்சின் பிரித்துக் கிடக்கும்போது அவர் வீட்டுக்குள் படுக்க மாட்டார்.

இன்றும் நான்தான் எடை பார்த்தேன். இதை வெளியே சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

ஈஸ்வரமூர்த்தி மாமாவின், ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி எஞ்சின் வந்திருக்கிறது. துளை போடும்போது காற்றை அழுத்திக் கீழே அனுப்புகிற கம்ப்ரசரை ஓட்டும் எஞ்சின். ஆறு பிஸ்டன், ஆறு கனெக்டிங் ராடு. ராடின் சின்னத் தலை பிஸ்டனோடு மேலும் கீழும் போய்வரும். பெரிய தலை கிராங்க் என்கிற சுழல் தண்டைப் பிடித்துக்கொண்டு சுற்றும். அதனால் ராடுகளின் மொத்த எடை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஆறு சின்னத் தலைகளும் ஒரே எடை, ஆறு பெரிய தலைகளும் ஒரே எடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் உதறும். ஒரு தலையைக் கொக்கியில் தொங்கவிட்டு மற்றதைத் தராசில் வைப்போம். பிறகு திருப்பி வைப்போம். எது குறைவோ அதற்குச் சமமாக மற்ற எல்லாவற்றையும் தேய்த்துக் கொண்டுவர வேண்டும்.

எடை போட்டுக்கொண்டிருக்கும்போது மாமா வந்துவிட்டார். அப்பா உடனே சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தராசின் மேல் குனிந்தார். "எழுதிக்க பாப்பா" என்றார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "ஆயிரத்து நூத்திப் பன்னண்டுங்களாப்பா?" என்று கேட்டேன். "ஆமா" என்றார். யாராவது வந்தால் இப்படித்தான் செய்வோம்.

"ஏனுங் மேஸ்திரி, விஜயதசமிக்கு வண்டி கெளம்பீருமுங்களா? சத்தீஸ்கர்ல ஏஜெண்டு தெனமும் போன் போட்டு உசுர வாங்கறான்."

"ஆயுத பூசைக்கு ஓட்டிக் காட்டறனுங்க."

"உங்க பையனும் அதே வண்டீலதான போறான். பாத்துக் கோத்துக் குடுங்க."

அப்பா சிரித்தார். அண்ணன் கம்ப்ரசர் ஆபரேட்டராகப் போகிறான். எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை. கௌரிசங்கர் என்று பெயர் போட்ட புதுப் பையை நேற்றே வாங்கி வந்துவிட்டான்.

அப்பாவுக்குக் கண்ணாடிப் பவர் மாறியிருக்கிறது. மாற்றினால் சரியாகிவிடும் என்று அம்மா சொல்கிறாள். சித்திரையிலிருந்து சொல்கிறாள்.

அக்டோபர் 7, சனி

ஆறாவது ராடு வளைந்திருந்தது. சேலத்தில் பழைய சாமான் கடையிலிருந்து வேறொன்று வந்தது. அது மற்றவற்றைவிட அறுபது கிராமுக்கு மேல் கனம். அப்பா மத்தியானம் முழுவதும் கிரைண்டரில் வைத்துத் தேய்த்தார். தேய்ப்பார், கொண்டுவருவார், நான் எண்ணைச் சொல்வேன், மறுபடி எடுத்துப் போவார்.

எங்கள் பட்டறையில் சாமான் கழுவுகிற பாவாயக்கா டீசல் டிரேக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு மருமவளுக்கும் ஒரே எடைல நகை போடற மாமியாளு ஊருக்குள்ள உங்கப்பன் ஒருத்தருதான் சாமி" என்றார். அப்பாகூடச் சிரித்துவிட்டார். பாவாயக்கா ஒவ்வொரு ராடையும் அதன் மூடியையும் சேர்த்தே கழுவுவார். பெரிய தலை இரண்டு பாதியாக இருக்கும். கீழ்ப் பாதிதான் மூடி. ராடையும் மூடியையும் ஒன்றாக முடுக்கி வைத்துத்தான் ஓட்டை குடைவார்கள். அதனால் ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. இரண்டிலும் ஒரே நம்பர் குத்தியிருக்கும்.

சாயங்காலம் எடை சரியாக வந்துவிட்டது. இரண்டு தலையும்.

ஆனால் ஒன்றைப் பார்த்தேன். ராடைத் தேய்த்தால் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். குறுக்கே கீறல் விழுந்தால் அங்கிருந்துதான் வெடிப்பு பிடிக்கும். இரண்டு வருடம் முன்பு இப்படிக் குறுக்கே தேய்த்த ஒருவரை அப்பா அந்த நிமிடமே வேலையை விட்டு நிறுத்தினார். இன்று ஆறாவது ராடின் கழுத்தில் எல்லாக் கீறல்களும் குறுக்கேதான் இருந்தன.

அவசரத்தில் செய்திருப்பார்.

அக்டோபர் 8, ஞாயிறு

தண்ணீர்ச் சொம்பை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டேன். அதற்கு அம்மா ஒரு திட்டுத் திட்டினாள். "எத்தன மொற சொல்றது? ஊட்டுல எதையும் எடம் மாத்தி வெக்காதீன்னு!" முன்பெல்லாம் அம்மா இப்படி இல்லை. இப்போது செருப்புகூட வாசலில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். சாப்பிடும்போது அப்பாவின் தட்டில் குழம்பு எந்தப் பக்கம், பொரியல் எந்தப் பக்கம் என்று அவளே சொல்லிவிடுகிறாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

இயற்பியல் பாடம் நிறைய இருக்கிறது. படிக்கவில்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

ஆறாவது ராடில் ஒரு கோடு இருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துடைக்க எடுத்தேன். சின்னத் தலைக்குக் கீழே, கழுத்தில், குறுக்கே தேய்த்த கீறல்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் துணியால் எவ்வளவு துடைத்தும் போகவில்லை. மயிரிழை அளவுதான். அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"எங்க?"

"இங்கீங்கப்பா."

நகத்தை வைத்துத் தடவினார். கீறல் நிறைய இருப்பதால் நகம் எல்லாவற்றிலும் தட்டியது. "கிரைண்டர் கோடு" என்றார்.

"இல்லீங்கப்பா. இது வேற மாதிரி இருக்குது. வெளிச்சத்துல பாருங்க."

"பாத்தாச்சு."

"நீங்க பாக்கலீங்கப்பா, தடவிட்டுத்தான் சொல்றீங்க."

நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் மாறிவிட்டது. "எனக்கு நீ சொல்லிக் குடுக்கறயா? உன்ற கண்ணுலதான் கோளாறு" என்று ராடை வெடுக்கென்று பிடுங்கினார். அது என் விரல்முட்டியில் பட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. அம்மாவிடம் கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன்.

அக்டோபர் 11, புதன்

விரல் வீங்கியிருக்கிறது. பேனா பிடித்தால் வலிக்கிறது.

அக்டோபர் 13, வெள்ளி

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்து வந்தேன். அப்பா பேரிங் வாங்க ஈரோடு போயிருந்தார். ராடின் கழுத்தை டீசலில் ஊறவைத்து, வெளியே எடுத்துச் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவினேன். அப்பா எஞ்சின் பிளாக்குக்கு இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். வெடிப்புக்குள் போன எண்ணெய் மெதுவாகப் பொடியில் ஊறி வெளியே வரும். கிரைண்டர் கீறலாக இருந்தால் வராது.

கொஞ்ச நேரம் வெள்ளையாகவே இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு கறுப்பாக ஒரு கோடு வந்தது. பாதிக் கழுத்து வரைக்கும் வந்தது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். முந்தானையால் பொடியைத் துடைத்துவிட்டாள்.

"உங்கப்பனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சு போச்சா? வாய மூடிட்டுப் போய்ப் படி."

"அண்ணன் அது பக்கத்துலதான நிக்கோணும்?"

"போன்னு சொன்னனல்ல!"

அவள் உள்ளே போய் வெங்காயம் உரித்தாள். இன்று ரசம் மட்டும்தான். ரசத்துக்கு அவ்வளவு வெங்காயம் எதற்கு என்று தெரியவில்லை.

சாயங்காலம் அண்ணனிடமும் சொன்னேன். கட்டிலில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடேங்கப்பா, இஞ்சினியரம்மா வந்துட்டாங்க! மொதல்ல குவாட்டர்லி பரிச்சைல இயற்பியல்ல எத்தன வாங்குனீன்னு சொல்லு."

"விளையாடாதண்ணா. ராடு ஒடஞ்சா பிளாக்கப் பொத்துக்கிட்டு வெளிய வருமாமா. போன வருசம் ஒருத்தருக்கு..."

"அது எவனோ கோத்த எஞ்சின் புள்ள. இது அர்த்தநாரி மேஸ்திரி கோக்கறது. ராசிபுரத்துல இருந்து ராய்ப்பூர் வரைக்கும் கேட்டுப் பாரு."

அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

அக்டோபர் 14, சனி

எழுதி முடித்ததும் இந்தத் தாளைக் கிழித்துவிடலாம்.

இன்று அமாவாசை. பட்டறைக்கு விடுமுறை. அம்மாவும் அப்பாவும் மலைக்கோயிலுக்குப் போனார்கள். படிக்கட்டில் ஏறும்போது அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்வாள், பார்க்கிறவர்கள் புதுப் பெண் மாப்பிள்ளை என்று கேலி செய்வார்கள்.

நான் ஆறாவது ராடின் மூடியை எடுத்தேன். டிபன் டப்பாவுக்குக் கீழே பையில் வைத்தேன். அண்ணனிடம் டியூஷன் என்று சொல்லிவிட்டு சைக்கிளில் போனேன். கல்குவாரிக்குப் பக்கத்தில் பாழுங்கிணறு இருக்கிறது. அங்கே போட்டேன். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்க நேரமாயிற்று. அதற்குள் யாரோ பின்னால் நிற்பது போல இருந்தது. யாரும் இல்லை, ஆடு.

மூடி இல்லாவிட்டால் அந்த ராடு இரும்புக் கடைக்குத்தான் போக வேண்டும். அப்பா வேறு ராடு வாங்குவார். அவரிடம் எதுவும் பேச வேண்டியதில்லை.

அக்டோபர் 16, திங்கள்

சாமி, இப்படி ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது பட்டறையில் சத்தம். அப்பா டிரேயைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார். டீசல் வாசல் வரை ஓடியிருந்தது.

"ஆறும் ஆறும் பன்னண்டு உருப்படி. நீதான கழுவி அடுக்குன? ஒண்ணு எங்க?"

"எப்பவும் வெக்கற எடத்துலதானுங்க வெச்சேன். வெள்ளிக்கெழமை இருந்துதுங்க."

"வெள்ளிக்கெழமை இருந்தது இன்னைக்குக் கால் மொளச்சுப் போயிருச்சா? பழைய இரும்புக்காரன் வாசல்ல நின்னு உன்கூடப் பேசிட்டு இருந்தானே, அவன் எதுக்கு வந்தான்?"

பாவாயக்கா எழுந்து நின்றார். கையிலிருந்து டீசல் சொட்டியது. "மேஸ்திரி, ஒம்பது வருசமா இந்த டிரேல கைய வெச்சுத் தோலே வெந்து போச்சு. ஒரு வாஷர எடுத்திருப்பனுங்களா?"

"எடுத்தியோ இல்லியோ, நாளைல இருந்து வராத."

தெருவில் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். பாவாயக்கா என்னைப் பார்த்தார். நான் பையைத் தோளில் மாட்டியபடியே நின்றேன். அவர் தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 17, செவ்வாய்

பாவாயக்கா இல்லாததால் போல்ட்டுகளை நான் கழுவினேன். டீசல் விரல்முட்டிக் காயத்தில் பட்டு எரிந்தது. எரியட்டும்.

அப்பா இன்று போல்ட் டப்பாவில் ரொம்ப நேரம் தேடினார். எதுவும் அதன் இடத்தில் இல்லை என்று எரிந்து விழுந்தார்.

அக்டோபர் 18, புதன்

வேறு ராடு வரவில்லை. அதே ராடுதான்.

வேறொரு பழைய ராடின் மூடியை எடுத்து, இதற்கு முடுக்கி, லேத் பட்டறையில் கொடுத்து ஓட்டையைப் புதிதாகக் குடைந்து கொண்டுவந்துவிட்டார். இப்படிச் செய்யலாம் என்று எனக்குத் தெரியாது. எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி எடை போட்டோம். புது மூடி பதினெட்டு கிராம் கூடுதல். அப்பா தேய்த்தார். நான் எண்ணைச் சொன்னேன். கடைசியில் ஆறும் ஒன்றுபோல் வந்தது, ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்லாமல். அப்பா முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு நிம்மதி. "பாத்தியா பாப்பா? காத்தாட்ட ஓடும்" என்றார்.

தராசு எடையைத்தான் சொல்லும். கோட்டைச் சொல்லாது. நான் அந்தத் தராசை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒரு பொய் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் அவர் தேய்த்துத் தேய்த்து ராடையே வீணாக்கியிருப்பார். அதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை. சரியான எண்ணையே சொன்னேன்.

அக்டோபர் 19, வியாழன்

சனிக்கிழமை எஞ்சின் கோக்கிறார்கள். அண்ணன் பையில் துணி அடுக்கிவிட்டான். அம்மா ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 20, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் அப்பா தனியாகக் கிராங்குக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் போய் நின்றேன்.

"அப்பா, அந்த மூடிய நாந்தானுங்க எடுத்துக் கெணத்துல போட்டேன். பாவாயக்கா எடுக்கல."

அப்பா எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"ராடுல வெடிப்பு இருக்குதுங்கப்பா. சாக்பீஸ் போட்டுப் பாத்தேன். பாதிக் கழுத்து வரைக்கும் வந்துது. நான் சொன்னா நீங்க கேக்கல."

கையை ஓங்கினார். நான் பயந்து ஒரு எட்டு நகர்ந்துவிட்டேன், சத்தம் போடாமல். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் முன்னே நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டு அடித்தார். அவர் கை எஞ்சின் ஸ்டாண்டின் இரும்பில் பட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது.

கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. சாயங்கால வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. ட்யூப்லைட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"உங்களுக்குக் கண்ணு தெரியலீங்கப்பா" என்றேன்.

எங்கள் வீட்டில் இதை இதுவரை யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் நான் சொல்லும்போதுதான் எனக்கே முதல்முறையாகத் தெரிந்த மாதிரி இருந்தது.

அப்பா ஸ்டூலைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். விரல்முட்டியிலிருந்து ரத்தம் வந்தது. துடைக்கப் போனேன், வேண்டாம் என்றார். பிறகு, "சணல் கயிறு எடு" என்றார்.

ஆறு ராடுகளிலும் மூடியைக் கழற்றச் சொன்னார். ஒவ்வொன்றாகச் சின்னத் தலையில் கயிறு கோத்து நான் தூக்கிப் பிடிக்க, சின்னச் சுத்தியலால் தட்டினார். முதல் ராடு நீளமாக ஒலித்தது, அடங்கவே இல்லை. இரண்டாவதும் அப்படித்தான். மூன்று, நான்கு, ஐந்து எல்லாம்.

ஆறாவது 'டொக்' என்றது. ஓட்டைப் பானையைத் தட்டினது மாதிரி.

"மறுக்காத் தூக்கிப் புடி."

டொக்.

"மொதல் ராடக் குடு." அது ஒலித்தது. "ஆறாவது." டொக். இப்படி நாலைந்து முறை செய்தார். கயிறு என் விரலில் வெட்டியது. கடைசியாக சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு, "உங்கண்ணன் எங்க?" என்று கேட்டார்.

"சினிமாவுக்குப் போயிருக்கானுங்க."

"வரட்டும்" என்றார். நான் கையில் ராடைத் தொங்கவிட்டபடியே நின்றேன்.

அக்டோபர் 21, சனி

ஈஸ்வரமூர்த்தி மாமா காலையில் வந்தார். அப்பா கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை.

"இந்த எஞ்சின் விஜயதசமிக்கு ஆகாதுங்க. வேற மேஸ்திரிகிட்ட எடுத்துட்டுப் போயிருங்க."

"என்னுங்க வெளையாடறீங்களா? எல்லாம் எடை போட்டாச்சுன்னீங்க?"

"எடை போட்டது எம்பட புள்ள. எனக்குக் கண்ணு தெரியாதுங்க. சக்கரையில போயிருச்சு. சித்திரையில இருந்தே இப்படித்தான்."

மாமா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தினார். "பதினொண்ணாவது படிக்கற புள்ள பாத்த எடைல எம்பட ஆளுகள அனுப்பப் பாத்தீங்களா?" என்று கேட்டார். மத்தியானம் கிரேன் வைத்து எஞ்சினை எடுத்துப் போய்விட்டார்கள்.

அண்ணன் என்னிடம் வந்தான். "சந்தோசமா? அப்பாவ ஊரு முன்னால நிக்க வெச்சாச்சு, எம்பட வேலையும் போச்சு. நீயெல்லாம் ஒரு..." என்று பாதியில் நிறுத்திவிட்டு, அப்பா கொடுக்காமல் வைத்துக்கொண்ட ஆறாவது ராடை எடுத்து வைஸ் இடுக்கியில் முடுக்கிச் சம்மட்டியால் ஓங்கி அடித்தான். கோபத்தில்தான் அடித்தான். இரண்டாவது அடியில் கழுத்து துண்டாக ஒடிந்து கூரைத் தகரத்தில் போய் அடித்தது.

ஒடிந்த இடத்தைப் பார்த்தோம். பாதிக்கு மேல் கறுப்பு, பழைய எண்ணெய் ஊறிய கறுப்பு. மிச்சம் கொஞ்சம்தான் வெள்ளி மாதிரி மின்னியது. அந்த மிச்சம்தான் இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்மா அவன் தலையைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவே இல்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

காலையில் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார். எல்லோரும் பார்த்தார்கள். பாவாயக்கா வீடு மேட்டுத் தெருவில் இருக்கிறது.

"வாங்க மேஸ்திரி. பாத்து, படி இருக்குது" என்றார் பாவாயக்கா. எழுந்திருக்கவில்லை.

அப்பா கைகூப்பினார், அக்கா உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. "தப்பு எம்மேலதான். நாளைக்கு வந்துரு."

"உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு எனக்குத் தெரியாதுங்களா? போல்ட்டுக எடம் மாறாம நாந்தான அடுக்கி வெச்சுட்டு இருந்தேன்? ஆருகிட்டயாச்சு சொன்னனா?" வெந்த தோலைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா திருடின்னு சொன்ன எடத்துக்கு இனி வரமாட்டனுங்க. உங்க டிரேய உங்க பொண்ணே கழுவட்டும்."

நான் அழுதேன். பாவாயக்கா என்னைப் பார்த்து, "நீ அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லீருக்கலாமே கண்ணு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

திரும்பி வரும்போது அப்பா நடுவழியில் நின்றுவிட்டார். "பாப்பா, சித்திரையில இருந்து நம்ம பட்டறைல இருந்து எத்தன எஞ்சின் போச்சு?"

யோசித்துச் சொன்னேன். எட்டு.

"அதுல எதுலயாச்சு கோடு கீடு பாத்தியா?"

நான் அவற்றைப் பார்த்ததே இல்லை. என்னிடம் எண்ணைத்தான் கேட்டார்கள். நான் தராசில் எரியும் சிவப்பு எண்ணை மட்டும்தான் பார்த்தேன். அந்த ராடுகள் எப்படி இருந்தன என்று கண்ணை மூடிப் பார்க்கிறேன், ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் போனை என்னிடம் கொடுத்தார். "ஒவ்வொருத்தருக்காப் போடு."

முதலில் ராய்ப்பூர். பின்னால் எஞ்சின் சத்தம் ஓவென்று கேட்டது. "மேஸ்திரியா? சொல்லுங் சொல்லுங். எஞ்சின் வெண்ணெயாட்ட ஓடுதுங்க!"

"மொதல்ல அத நிறுத்துங்க. பக்கத்துல ஆரையும் நிக்க விடாதீங்க."

ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தைகளைச் சொன்னார். எனக்குக் கண்ணு தெரியாதுங்க, பிரிச்சுப் பாத்துட்டு ஓட்டுங்க. ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒருவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அவரை மறுபடி கூப்பிட்டோம். இருட்டுவதற்குள் ஏழு பேரிடம் பேசியாயிற்று. ஜபல்பூர் எண் மட்டும் எடுக்கவில்லை.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. தெருவெல்லாம் பட்டறைகளில் மாவிலையும் பூசணிக்காயும். நாங்கள் கதவைத் திறக்கவில்லை.

காலையிலிருந்து ஜபல்பூர் எண்ணுக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறது, அடித்து அடங்குகிறது. "மறுக்காப் போடு" என்று அப்பா சொல்கிறார். அந்த வண்டி முதலாளியின் எண்ணும் அணைந்திருக்கிறது. அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறான், குமாரபாளையம் பக்கம். இன்னும் வரவில்லை.

இன்று ஒளிந்து எழுதவில்லை. கூடத்தில் விளக்குப் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். என் மடியில் நோட்டு இருப்பது அப்பாவுக்குத் தெரியாது. அம்மா பார்த்துவிட்டாள்.

இப்போதுதான் யாரோ எடுத்தார்கள். அந்த வண்டி ஆபரேட்டர் பழனிவேல் அண்ணன் இல்லை, வேறு குரல். இந்தியில் வேகமாக ஏதோ சொன்னார். நான் "பழனிவேல், பழனிவேல்" என்றேன். அவர் மறுபடி அதையே சொன்னார், இந்த முறை மெதுவாக. எங்களுக்குப் புரியவில்லை. பிறகு வைத்துவிட்டார்.

"பின்னால எஞ்சின் சத்தம் கேட்டுதா பாப்பா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லீங்கப்பா. ஒரு சத்தமும் இல்ல."

"இந்நேரத்துக்கு நிறுத்தியிருப்பாங்க" என்றாள் அம்மா.

போர் வண்டிகள் ராத்திரியிலும் ஓடும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.